ஓணான் குட்டி போடுமா? நுவரெலியா மலைக் குள்ள ஓணானைப் பற்றி ஒரு பதில்

நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். லயத்துக்குப் பின்னால், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால், காட்டை ஒட்டிய வேலிச்செடியில், பாசி படர்ந்த கிளை ஒன்றைப் பற்றியபடி ஒரு சிறிய ஓணான். வால் நுனி கிளையைச் சுற்றியிருந்தது. சற்றுத் தள்ளி அதே சாயலில் ஐந்து குஞ்சுகள். "இது பச்சோந்தியா? ஓணான் முட்டைதானே இடும், இது குட்டி போட்டதா? கொழுந்து எடுக்கப் போகும் அம்மா கடித்தால் விஷம் என்கிறார், உண்மையா? பிடித்து வளர்க்கலாமா?" என்று நான்கு கேள்விகள். மூன்றுக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பச்சோந்தி இல்லை. விஷம் இல்லை. வளர்க்கக் கூடாது. மீதி ஒன்றுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்: முட்டையிடும் குடும்பத்தில் பிறந்த ஒரு பிராணி குட்டி போடுமா, போட்டால் ஏன்? உயர்தர வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பித்துக்கொண்டு, விடுமுறைகளில் அந்த மலைக்காடுகளில் திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். போடுமா என்பதற்கு உறுதியான விடை உண்டு. ஏன் என்பதற்குப் பாதி விடைதான் உண்டு.

முதலில், நீங்கள் பார்த்தது எது? உங்கள் விவரிப்பில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வால்தான். கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வாலைக் கண்டால் எவருக்கும் பச்சோந்தி நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இலங்கையின் பச்சோந்தி வறண்ட வலயத்துப் பிராணி. புத்தளம் போன்ற வெயில் காயும் தாழ்நிலப் புதர்க்காடுகளே அதன் ஊர். குளிரும் மூடுபனியும் சூழ்ந்த நுவரெலியாவில் அதற்கு வேலை இல்லை. தவிர, பச்சோந்தியின் கண் கூம்புபோல் பிதுங்கி, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் தனித்தனியே சுழலும். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி இடுக்கிபோல் இருக்கும். நீங்கள் பார்த்ததற்கு விரல்கள் தனித்தனியே, மெலிந்து, நகத்தோடு இருந்திருக்கும். கிளையில் வாழும் வாழ்க்கை இரண்டுக்கும் ஒரேமாதிரி வாலைக் கொடுத்திருக்கிறதே தவிர, அவை ஒரே குடும்பம் அல்ல.

உங்கள் வேலியில் இருக்கக்கூடிய வேறு இரண்டு ஓணான்களையும் கழித்துவிட வேண்டும். ஒன்று, கருவாய் ஓணான். நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கங்களில் பத்தனைப் புல்வெளி ஓரத்துப் புதர்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் பளிச்சென்ற பச்சை உடம்போடு வெயில் காயும். கன்னத்திலும் உதட்டோரத்திலும் கறுப்பு. மற்றது கொம்பு ஓணான். மூக்கு நுனியில் முள்போல ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்கு அது நன்றாகத் தெரியும். பெண்ணிலும் குஞ்சிலும் மிகச் சிறிதாகவே இருக்கும் என்பதால், கொம்பைக் காணவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. கருவாய் ஓணானின் கண்ணுக்குப் பின்னால் வட்டமான செவிப்பறை தெளிவாகத் தெரியும். குள்ள ஓணானுக்கும் கொம்பு ஓணானுக்கும் செவிப்பறை தோலுக்கு அடியில் மறைந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே படம் எடுத்திருந்தால் கழுத்துப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். காது வட்டம் இல்லை, மூக்கில் கொம்பு இல்லை, உடம்பின் செதில்கள் சிறிதும் பெரிதுமாக ஒழுங்கற்றுக் கிடக்கின்றன, வால் கிளையைச் சுற்றியிருக்கிறது: இந்த நான்கும் சேர்ந்தால் அது குள்ள ஓணான்தான். கோஃபோட்டிஸ் செய்லானிக்கா என்பது அறிவியல் பெயர். தமிழில் நிலைத்த பெயர் இல்லாததால் குள்ள ஓணான் என்றே எழுதுகிறேன்.

அந்தச் செதில்களைப் பற்றி இரண்டு வரி கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது. கையெட்டும் தூரத்தில் இருந்து பார்த்தால் உடம்பு பக்கவாட்டில் தட்டையாக அழுத்தியதுபோல் இருக்கும். விலாவில் பெரிய செதில்கள், இடையிடையே சிறியவை. ஓட்டு வீட்டுக் கூரையில் பழைய ஓடுகளும் புது ஓடுகளும் கலந்து வேய்ந்ததுபோல. பிடரியில் சில குட்டை முட்கள். நிறம் பாசிப் பச்சைக்கும் மரப்பட்டைப் பழுப்புக்கும் நடுவில் எங்கோ நிற்கும், குறுக்கே கரும்பட்டைகள் ஓடும். வாயோரத்தில் தொடங்கித் தோள்வரை ஒரு வெண்கோடு பெரும்பாலும் தெரியும். கிளையில் ஒட்டிய ஈரப் பாசியும் மரக்காளானும் வெளிறிய இலைக்கன்களும் சேர்ந்த பின்னணியில், கண்ணை ஒரு நொடி எடுத்துவிட்டுத் திரும்பினால் அது இருந்த இடத்தையே தேட வேண்டும். தலையும் உடலும் சேர்ந்து 6 சென்டிமீட்டர் அளவு, வாலோடு சேர்த்தால் 13, 14 சென்டிமீட்டர். வளர்ந்ததே அவ்வளவுதான்.

இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பெர்லினில் இருந்த வில்ஹெல்ம் பீட்டர்ஸ், 1861-இல். அதன் பிறகு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இலங்கையில் இந்தப் பேரினத்தில் ஒரே இனம்தான் என்று இருந்தது. 2006-இல் நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து இரண்டாவது இனம் விவரிக்கப்பட்டு, கோஃபோட்டிஸ் தும்பரா எனப் பெயர் பெற்றது. நக்கிள்ஸுக்கும் மத்திய மலைநாட்டுக்கும் இடையே தும்பறைப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. குளிரில் மட்டும் வாழும் பிராணிக்கு அந்த வெப்பமான பள்ளம் கடல் கிடப்பதற்குச் சமம். இரண்டு மலையிலும் இருந்தவை நீண்ட காலம் ஒன்றையொன்று காணாமல் தனித்தனியே மாறிப்போயின. குள்ள ஓணான், கொம்பு ஓணான், தாழ்நில ஈரக்காடுகளில் வாழும் மூக்கில் குமிழ் உடைய பெரிய ஓணான் ஆகிய மூன்று பேரினங்களும் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மரபணு ஆய்வுகள் இம்மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு என்று காட்டுகின்றன. இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதன் வாழ்க்கை மெதுவான வாழ்க்கை. சாதாரண ஓணான் ஆளைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டு வேலியின் மறுபக்கம் பாயும். குள்ள ஓணான் பாயாது. கிளையோடு உடம்பை ஒட்டிக்கொள்ளும், அல்லது மெல்ல நகர்ந்து கிளைக்கு அப்பால் போய், நமக்கும் அதற்கும் நடுவே கிளை இருக்குமாறு நிற்கும். நாம் ஒரு பக்கம் நகர்ந்தால் அதுவும் எதிர்ப்பக்கம் நகரும். வாலின் வேலை இங்கேதான். காற்றில் கிளை ஆடும்போதும் ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்குக் கை நீட்டும்போதும் அதுவே பிடிமானம். வீட்டுப் பல்லியைப் போல வாலை உதறிவிட்டுத் தப்புகிற வழக்கம் இந்தக் குடும்பத்துக்கு இல்லை. இந்த வாலை இழந்தால் பாதி வாழ்க்கை போய்விடும். உணவு பூச்சிகளும் அவற்றைப் போன்ற சிற்றுயிர்களும்தான். மலைக்காட்டின் உள்ளே பாசி போர்த்த தண்டுகளிலும், காட்டோரப் புதர்களிலும், அடர்த்தியாக வளர விட்ட பழைய வேலிகளிலும் இருக்கும். சுமார் 1,300 மீட்டருக்குக் கீழே இதைத் தேடிப் பயனில்லை. ஹக்கல, பிதுருதலாகல, பட்டிப்பொல, ஓஹிய, ஹோர்ட்டன் சமவெளி என்று உயர மலைகளில்தான் அதன் இருப்பு.

சரி, குட்டி விஷயத்துக்கு வருவோம். ஆம், குள்ள ஓணான் குட்டிதான் போடும். இலங்கையின் ஓணான் குடும்பத்தில் குட்டி போடுவது இந்தப் பேரினம் மட்டுமே. ஒரு ஈற்றில் 4 முதல் 8 வரை குட்டிகள் என்று பதிவாகியிருக்கிறது, உங்கள் ஐந்து அதற்குள் சரியாக அடங்குகிறது. ஆனால் குட்டி போடுவது என்றவுடன் ஆடு, மாட்டை நினைக்க வேண்டாம். இங்கே நடப்பது, முட்டையைத் தாய் தரையில் புதைக்காமல் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்வது. ஓடு என்று சொல்லத்தக்க ஒன்று உருவாகாமல் மெல்லிய சவ்வோடு நின்றுவிடுகிறது. கருவுக்கு உணவு பெரும்பாலும் அதன் மஞ்சட்கருவிலிருந்தே கிடைக்கிறது. நீரும் ஒட்சிசனும் தாயின் உடலிலிருந்து சவ்வின் வழியாக வருகின்றன. பிறக்கும்போது குட்டி அந்தச் சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அப்போதிருந்தே தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். பாலில்லை, காவலில்லை. தாய்க்குப் பக்கத்தில் ஐந்தும் இருந்தன என்பதால் அது அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கொள்ள வேண்டாம். பிறந்து வெகு நேரம் ஆகியிருக்காது, இன்னும் கலைந்து போகவில்லை, அவ்வளவே என்பது என் ஊகம்.

ஊர்வனவற்றில் இது அப்படியொன்றும் உலகத்தில் இல்லாத அதிசயம் அல்ல. நம் கண்ணாடி விரியன் குட்டிதான் போடுகிறது. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள் அஞ்சும் குழிவிரியன்களும் அப்படித்தான். பல்லி, பாம்பு வரிசையில் முட்டையிடுவதிலிருந்து குட்டி போடுவதற்கு மாறியது வரலாற்றில் 100 தடவைகளுக்கும் மேல் தனித்தனியே நடந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் ஓணான் குடும்பத்தில் மட்டும் இது மிக அரிது. திபெத் மேட்டுநிலத்தில் வாழும் சில தேரைத்தலை ஓணான்கள் குட்டி போடுகின்றன. அவற்றைப் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றோடு நம் குள்ள ஓணானும் நிற்கிறது.

திபெத், நுவரெலியா. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னதுமே ஒரு காரணம் உங்களுக்குத் தோன்றியிருக்கும்: குளிர். விலங்கியலாளர்களும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஊர்வனவற்றின் கரு வளர வெப்பம் வேண்டும். தாழ்நிலத்தில் ஓணான் முட்டையை மண்ணில் புதைத்துவிட்டுப் போனால், சூடான மண்ணே மீதி வேலையைப் பார்த்து இரண்டு மாத அளவில் பொரித்துக் கொடுக்கும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவு. ஹோர்ட்டன் சமவெளியில் அதைவிடவும் குறைவு, ஆண்டுத் தொடக்கத்து இரவுகளில் புல்லில் உறைபனி படியும். மரநிழலுக்கு அடியில் மண் எப்போதும் ஈரம், எப்போதும் குளிர். அதில் புதைத்த முட்டை மிக மெல்ல வளரும்; பூஞ்சணம் பிடிக்கவோ வேறொன்றுக்கு இரையாகவோ அத்தனை நாட்களும் வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கும். முட்டைக்குக் கால் இல்லை. தாய்க்கு உண்டு. மேகம் விலகி ஒரு கால் மணி நேரம் வெயில் அடித்தால் அது கிளையின் உச்சிக்கு ஏறிக் காய்ந்துவிட்டு இறங்கும். அந்த வெப்பம் வயிற்றில் உள்ள கருவுக்கும் சேரும்.

இதற்குச் சான்றுகள் வேறு நாடுகளிலிருந்து கிடைக்கின்றன. ஐரோப்பாவில் ஒரு பல்லி இனம், பெரும்பாலான இடங்களில் குட்டி போடுகிறது. அதே இனத்தின் சில கூட்டங்கள், ஸ்பெயினின் வடபகுதி, பிரான்ஸின் தென்மேற்கு போன்ற இடங்களில், முட்டையிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் ஓர் அரணை இனம் சிட்னியின் கரையோரத்தில் முட்டையிட்டு, நியூ சவுத் வேல்ஸின் வடக்கு மேட்டுநிலத்தில் குட்டி போடுகிறது. ஒரே இனத்துக்குள் இரண்டும் இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க இவற்றைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கிழக்கு ஆப்பிரிக்க மலைகளின் பச்சோந்திகளிலும் குட்டி போடுபவை உண்டு. தாழ்நிலப் பச்சோந்திகள் பெரும்பாலும் முட்டையிடுகின்றன. ரிக் ஷைன் என்ற ஆஸ்திரேலிய விலங்கியலாளர் இந்தக் கருத்தை இன்னொரு படி நகர்த்தினார். குளிர் மட்டும் காரணம் அல்ல, தாயால் கருவின் வெப்பத்தைக் கூட்டியும் சீராக வைத்தும் தர முடிகிறது, அதனால் பிறக்கும் குட்டியே தரமானதாக இருக்கிறது, அந்த ஆதாயம்தான் முக்கியம் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஏனென்றால், குளிர் என்பது இந்த ஆதாயம் மிக அதிகமாகக் கிடைக்கிற ஒரு சந்தர்ப்பம் மட்டுமே.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கேட்க நன்றாக இருக்கும். பல பாடநூல்கள் இத்துடன் நிறுத்தியும் விடுகின்றன. ஆனால் உங்கள் வேலிக்கு வருவோம். மேலே சொன்ன கருவாய் ஓணான் அதே நுவரெலியாவில், அதே ஹோர்ட்டன் சமவெளியில், அதே உறைபனியில் வாழ்கிறது. அது முட்டையிடுகிறது. கொம்பு ஓணானும் அங்கேயே வாழ்கிறது. அதுவும் முட்டையிடுகிறது. அதிலும் கொம்பு ஓணான் குள்ள ஓணானுக்கு நெருங்கிய உறவு என்று முன்பே சொன்னேன். ஒரே மலை, ஒரே குளிர், ஒரே பரம்பரை. ஒன்று முட்டை, ஒன்று குட்டி. குளிர்தான் காரணம் என்றால் மற்ற இரண்டும் எப்படித் தப்பின?

கருவாய் ஓணானுக்கு ஒரு சமாதானம் சொல்லலாம். அது திறந்த வெளியை விரும்புவது. புல்வெளி ஓரத்தில், நிழல் விழாத மண்ணைத் தோண்டி முட்டையிட அதற்கு வழியுண்டு. மலையில் காற்று குளிர்ந்தாலும் நேர் வெயில் படும் மண் பகலில் நன்றாகவே சூடாகும். கொம்பு ஓணானுக்கு இந்தச் சமாதானம் அவ்வளவாகப் பொருந்தாது. அது காட்டின் நிழலுக்குள் வாழ்வது, அங்கேயே மண்ணில் முட்டை வைப்பது. ஆகவே குளிர் ஒரு தள்ளுவிசை என்பதை ஏற்றுக்கொண்டாலும், குள்ள ஓணானை மட்டும் குட்டி போடும் பக்கம் சாய்த்தது எது என்று தனியாகக் கேட்டே ஆகவேண்டும்.

இனி வருவது நிறுவப்பட்ட உண்மை அல்ல, நியாயமான ஊகம்; அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி சுமப்பதற்கு ஒரு விலை உண்டு. தாய் மாதக்கணக்கில் கனத்துக் கிடக்கும், ஓட முடியாது, இடையில் அது இறந்தால் அந்த ஈற்றுக் குட்டிகள் எல்லாமே போய்விடும். ஓடித் தப்பும் பிராணிக்கு இது பெரிய விலை. ஆனால் ஓடவே ஓடாமல், பாசியோடு பாசியாக ஒட்டியிருந்து தப்பும் பிராணிக்கு வயிறு கனத்தால் என்ன நஷ்டம்? அது ஏற்கனவே மெதுவானதுதான். இன்னொன்று, முட்டையிடும் ஓணான் எப்படியும் மரத்தை விட்டுத் தரைக்கு இறங்கி, குழி தோண்டி, மூடிவிட்டு ஏற வேண்டும். சுற்றிப் பிடிக்கும் வாலோடு கிளைக்கென்றே அமைந்த உடம்புக்கு அந்தப் பயணம் ஆபத்தானது. வயிற்றிலேயே வைத்துக்கொண்டால் பெண் ஓணான் தரைக்கு வரவே வேண்டியதில்லை. குளிரும், மெதுவான வாழ்க்கையும், கிளை வாசமும் ஒன்றாகக் கூடியதால்தான் இந்த ஓணானில் அது நடந்தது என்பது என் அபிப்பிராயம். இதை வலுவாக மறுக்கக்கூடியவர்களும் உண்டு. குட்டி போடும் பழக்கம் முதலில் வந்து, மெதுவான வாழ்க்கை அதன் பின்விளைவாக வந்திருக்கலாமே என்று அவர்கள் கேட்பார்கள். இலங்கையில் உயிரோடிருக்கும் இரண்டே இனங்களை வைத்துக்கொண்டு எது முன், எது பின் என்று தீர்ப்புச் சொல்வது கடினம்.

அம்மாவின் விஷக் கேள்விக்குச் சுருக்கமாக: இலங்கையில் மனிதருக்குத் தீங்கு செய்யும் விஷம் உள்ள ஓணான் எதுவும் இல்லை. குள்ள ஓணானின் வாய்க்குள் உங்கள் சுண்டுவிரல் நுனி போகுமா என்பதே சந்தேகம். அம்மா அஞ்ச வேண்டியது அதே தேயிலைச் செடிக்குள் சுருண்டிருக்கக்கூடிய பச்சைக் குழிவிரியனுக்கும் கோப்பி விரியனுக்கும்தான். அந்த எச்சரிக்கை உணர்வை அவர் விட்டுவிட வேண்டாம், இலக்கை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்.

வளர்க்கக் கூடாது என்று முதலிலேயே சொன்னதற்குச் சட்டமும் உண்டு, உயிரியலும் உண்டு. 1937-ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். இலங்கையின் மலை ஓணான்கள் வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைகளுக்குக் கடத்தப்பட்டு நல்ல விலைக்குப் போயின. அதனால்தான் 2019-இல் ஜெனீவாவில் நடந்த, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாட்டில் இலங்கை முன்மொழிந்து, குள்ள ஓணான் இனங்கள் இரண்டும் முதலாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோக முழுத் தடை என்பது அதன் பொருள். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் கூண்டு அதற்கு ஆகாது. குளிருக்கும் ஈரத்துக்கும் பழகிய உடம்பு, அடுப்புச் சூடும் புகையும் உள்ள லயத்து அறைக்குள் தாக்குப்பிடிக்காது. கண்டிக்கோ கொழும்புக்கோ யாருக்காவது கொடுத்தனுப்பினால் அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

இதற்கு உண்மையான ஆபத்து சிறுவர்களின் கையிலிருந்தோ கடத்தல்காரரின் பையிலிருந்தோ வருவதைவிட நிலத்திலிருந்தே அதிகம் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்காடு கோப்பிக்காக வெட்டப்பட்டது. 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. அந்தத் தேயிலையின் பின்னால்தான் நம் முன்னோர் வந்தார்கள், நீங்கள் இருக்கும் லயமும் வந்தது. ஆகவே இதைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்க எனக்கு மனமில்லை. ஆனால் விளைவு விளைவுதான். உயர்மலைக் காடு துண்டு துண்டாக நிற்கிறது. கத்தரித்து வைத்த தேயிலைச் செடியில் இந்த ஓணான் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக முடியாது. பாசியில்லை, தொடர்ந்த கிளையில்லை, மறைவில்லை. நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களில் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிக்கும் பூச்சிமருந்து, ஓணான் தின்னும் பூச்சியைத் தொடாமல் விடாது. ஹோர்ட்டன் சமவெளியில் 1970-கள் முதல் கவனிக்கப்பட்டுவரும் காடு பட்டுப்போகும் நிகழ்வு வேறு. பெரிய மரங்கள் நின்ற நிலையில் காய்கின்றன. வறட்சி, மண்ணின் மாற்றம், காற்று மாசு என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டும் எதுவும் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக இல்லை. மேல்விதானம் திறந்தால் கீழே பாசி காயும், பாசி காய்ந்தால் குள்ள ஓணானின் மறைவும் ஈரமும் சேர்ந்தே போகும்.

இதற்கு மேல் வெப்பமாதல். குளிருக்கு ஈடுகொடுக்கக் குட்டி போடப் பழகிய பிராணிக்கு, மலை சூடானால் நல்லதுதானே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கேள்வி புத்திசாலித்தனமானது, விடை நேர் எதிரானது. 2010-இல் பாரி சினெர்வோவும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, மெக்சிகோவின் முட்செதில் பல்லிகளின் 200 இடங்களைத் திரும்பப் போய்ப் பார்த்தது. 1975-க்குப் பிறகு அவற்றில் 12 விழுக்காட்டு இடங்களில் பல்லிகள் அற்றுப்போயிருந்தன. முட்டையிடும் இனங்களைவிடக் குட்டி போடும் இனங்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. அவற்றின் உடல் குறைந்த வெப்பத்துக்கு அமைந்துவிட்டது. பகல் சூடாகச் சூடாக நிழலில் ஒதுங்கியே நேரம் கழிகிறது, கருவைச் சுமக்கும் நாட்களில் தேவையான இரை தேட முடிவதில்லை. மெக்சிகோவின் கணக்கை அப்படியே நுவரெலியாவுக்கு மாற்றிப்போட முடியாது. ஆனால் ஒன்று திண்ணம்: சூடு ஏறினால் பிராணிகள் மேலே ஏறும், இங்கே மேலே ஏற அதிகம் இடமில்லை. பிதுருதலாகலவின் உச்சியே 2,524 மீட்டர்தான்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வேலிச்செடியை ஒரேயடியாக அடியோடு வெட்ட வேண்டாம் என்று வீட்டிலும் கங்காணியிடமும் சொல்லிப் பாருங்கள். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் காட்டுப் பக்கத்தை இந்த ஆண்டும் லயத்துப் பக்கத்தை அடுத்த ஆண்டும் வெட்டட்டும், ஒதுங்க ஓர் இடம் மிஞ்சும். வீட்டுப் பூனையை அந்தப் பக்கம் பழக்க வேண்டாம், அத்தனை மெதுவான பிராணிக்குப் பூனையிடமிருந்து தப்ப வழியில்லை. படம் எடுப்பதென்றால் கிளையை வளைக்காமல், ஒளிவிளக்கு இல்லாமல், பக்கவாட்டில் ஒன்றும் தலை தெரிய ஒன்றும் எடுங்கள். தேதி, நேரம், தரையிலிருந்து கிளையின் உயரம், குட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்து விலங்கியல் துறைக்கு அதை அனுப்பினால் பயன்படும். பொதுவெளியில் படத்தைப் போடும்போது மட்டும் தோட்டத்தின் பெயரையும் பிரிவு இலக்கத்தையும் எழுத வேண்டாம். நீங்கள் கேள்வியில் எழுதியிருப்பதையும் முடிந்தால் நீக்கிவிடுங்கள். இந்த ஓணானைத் தேடி வருபவர்களில் எல்லோரும் படம் எடுக்க வருபவர்கள் அல்ல.